போன வருடத்து எடை

அக்டோபர் 6, ஞாயிறு

ஆயில் சீல் வியாபாரி பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதம் வெறுமனே கிடந்தது. கணபதி நாச்சிமுத்துவாகிய என் வாழ்க்கையில் சரித்திரம் குறித்துக்கொள்ளத் தக்கதாக எதுவும் நடக்காததால் நானும் பேனாவை எடுக்கவில்லை. இன்று எடுத்துவிட்டேன்.

காலையில் என் தங்கை மகள் தமயந்தி தன் சிவப்பு வண்டியில் வந்தாள். இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். தரைக்கும் அதற்கும் நடுவே ஒரு கட்டெறும்பு போக வேண்டுமென்றால் குனிந்துதான் போக வேண்டும். அது என் லேத் பட்டறை வாசலில் உறுமி நின்றதும் பக்கத்து வீட்டில் காய்ந்துகொண்டிருந்த வடகம் பொரிந்துவிட்டது.

"மாமா, டிசம்பர் பதினஞ்சு செட்டிபாளையத்துல கிளப் ரேஸுங்க. இந்தத் தடவை ஜெயிச்சே ஆகோணும்."

போன வருடம் இரண்டாவதாக வந்தாள். அந்த நீண்ட இடது வளைவில் வண்டியின் மூக்கு வெளிப்பக்கமாக ஓடிவிட்டது. ஒரு ஜவுளிக்கடை வாரிசு உள்பக்கமாகப் புகுந்து போய்விட்டான். அன்றிலிருந்து அந்தக் கடையில் நான் கைக்குட்டை கூட வாங்குவதில்லை.

"கேம்பர் தட்டு போட்டா அந்த வளைவுல நிக்குமுங்க. வெளிநாட்டுல இருந்து வர மாசக்கணக்குல ஆகுமாம். நீங்க சுட்டுக் குடுத்துருங்க."

"சுட்டுக் குடுக்கறதுக்கு அது என்ன வடையா அம்முணி?"

வருங்காலத்தில் இதைப் படிக்கும் அறிஞர்களுக்காக: முன்சக்கரம் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பானட்டைத் திறந்தால் அந்தத் தூணின் உச்சந்தலை தெரியும். அதற்கு மேல் உட்காருவதுதான் கேம்பர் தட்டு. போல்ட்டைத் தளர்த்தித் தூணின் தலையை உள்ளே தள்ளினால் சக்கரமும் உள்ளே சாயும். பிறகு வளைவில் வண்டி சாய்கிறபோது டயர் ஓரத்தில் நிற்காமல் முழுப் பாதத்தையும் ஊன்றி நிற்கும். அவ்வளவுதான். ஒரு மயிரிழை தவறினால் அவ்வளவும் இல்லை.

"ஏன் இந்த வருசமே ஜெயிக்கோணும்? அடுத்த வருசமும் அந்த வளைவு அங்கயேதானே கெடக்கும்?" என்றேன்.

சிரித்தாள். பாதிக் காபியை வைத்துவிட்டுப் போனாள். என் காபியை மிச்சம் வைத்த முதல் மனிதப் பிறவி. பால்காரனைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும்.

அக்டோபர் 9, புதன்

தண்ணீர் மோட்டாரின் காயில் கம்பி எரிந்துவிட்டது. பம்பு செய்யும் ஊரில், பம்புக்குப் பாகம் கடைகிறவன் வீட்டில், குளிக்கத் தண்ணீர் இல்லை. பால்காரன் தன் பாலில் குறையே இல்லை என்று சாதிக்கிறான்.

அக்டோபர் 17, வியாழன்

தட்டுகள் முடிந்தன. முழு அலுமினியக் கட்டியில் கடைந்து எடுத்தது. நடுவே உருண்டை பேரிங் ஒன்று. முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம், செய்தேன். சந்திரனுக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்தால் சக்கரம் வைத்த ராக்கெட்டாகக் கேட்பார்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு

மரியதாஸ் கடையில் தட்டுகளைப் பூட்டினோம். வீல் அலைன்மென்டில் மரியதாசுக்கு இந்த ஜில்லாவில் நிகர் கிடையாது. இதை நான் அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் கூலியை ஏற்றிவிடுவான்.

ரேஸ் வண்டிக்கு அளவெடுக்கும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவர் உட்கார்ந்தால் வண்டி அந்தப் பக்கம் ஒரு துளி அமுங்கும், சக்கரத்தின் சாய்வும் மாறும். அளவு முடியும்வரை அவரை உட்கார வைக்க முடியாது என்பதால் அவர் எடைக்கு மணல் மூட்டைகளை சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிடுவோம். தமயந்தி அறுபத்தெட்டு கிலோ. போன வருடம் நானே நிறுத்துப் பார்த்தது. மூட்டைகளுக்குப் பெல்ட் போட்டுவிட்டு, "சௌகரியமா இருக்குதா அம்முணி?" என்று கேட்டேன். மரியதாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். சக்கரங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து வணக்கம் சொல்வது போலச் சாய்ந்து நின்றன. அற்புதம்.

அக்டோபர் 27, ஞாயிறு

தமயந்தி வந்து, மூட்டைகளை எடுத்துவிட்டுத் தானே உட்கார்ந்தாள். மரியதாஸ் அளவுமானியை வைத்தான். வலது சக்கரத்தின் சாய்வு குறைந்திருந்தது.

என் தட்டு நழுவியிருக்கிறது! எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

"தட்டு நகந்த தடயமே இல்லீங்ணா. பெயின்ட்ல போட்ட கோடு அப்படியே இருக்குது," என்றான் மரியதாஸ்.

"கோடும் சேந்து நகந்திருக்கும்."

"கோடு எப்படீங்ணா நகரும்?"

"உன்ற கடைத் தரைல எல்லாம் நகரும்."

தமயந்தி பெல்ட்டை இழுத்து இறுக்கினாள். வார் முடிவு வரைக்கும் வந்துவிட்டது. இந்தக் கம்பெனிக்காரர்கள் இப்போதெல்லாம் பெல்ட்டை நீளமாகத் தைக்கிறார்கள்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

தங்கை தெய்வானை வீட்டில் சாப்பாடு. ஒப்பிட்டு, கச்சாயம், கோழிக்குழம்பு. ஒரு படைப்பிரிவுக்குச் சமைத்திருந்தாள். தமயந்தி தன் இலையிலிருந்து என் இலைக்கு ஒவ்வொன்றாகக் கடத்தினாள். நானும் வாய் திறக்காமல், அதாவது அதற்கு மட்டும் வாய் திறந்து, ஒத்துழைத்தேன்.

"டயட்டாமாண்ணா, டயட்டு! பம்பு கம்பெனில டிசைன் போடறவளுக்கு எதுக்கு டயட்டு? வர்ற சம்பந்தமெல்லாம் புள்ளைக்குச் சோறு போடறதில்லையான்னு கேக்குது," என்றாள் தெய்வானை.

"முப்பத்தாறு வயசுல வர்ற சம்பந்தம் சோத்தப் பத்தித்தான்மா கேக்கும்," என்றாள் தமயந்தி.

புதுச் சுடிதார் அவள் தோளில் நிற்கவில்லை. தையல்காரன் அளவு தெரியாதவன்.

நவம்பர் 7, வியாழன்

இரண்டாவது ஜோடித் தட்டு தயார். இதில் பல்பல்லாக வெட்டி ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும்படி செய்திருக்கிறேன். பூகம்பம் வந்தால் கோயம்புத்தூர் நகரும், இந்தத் தட்டு நகராது.

நவம்பர் 10, ஞாயிறு

நகர்ந்திருக்கிறது.

மணல் மூட்டை வைத்தால் சரியாக இருக்கிறது. தமயந்தி உட்கார்ந்தால் தப்பாக இருக்கிறது. போன தடவையைவிட அதிகத் தப்பு. ஸ்பிரிங்கைச் சந்தேகித்தேன். அளவுமானியை, தரையை, மின்வாரியத்தைச் சந்தேகித்தேன். அவள் புறப்பட்டுப் போன பிறகு மரியதாஸ் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து மெதுவாக ஒன்று சொன்னான். மடத்தனமான வார்த்தை. அதை இங்கே எழுதப்போவதில்லை.

நான் அவனை என்னென்ன சொன்னேன் என்பதையும் எழுதப்போவதில்லை. டைரிக்காரன் பக்கத்தை அதற்குத் தக்க அளவில் அச்சடிக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வண்டி நிறுத்தும் இடத்தில், வேப்பமரத்தடியில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. ஊரில் ஆயிரம் சிவப்பு வண்டி இருக்கும். முன்சக்கரம் என் கேம்பர் தட்டின் சாய்வில் நிற்கிறதா என்று குனிந்து பார்க்க எனக்கென்ன பைத்தியமா?

ரத்தம் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். சர்க்கரை எங்கே ஓடிவிடப் போகிறது.

நவம்பர் 13, புதன்

மின்வாரியத்திலிருந்து மீட்டர் மாற்ற ஆள் வந்தார். நல்ல மனிதர். பழைய மீட்டர் வேகமாக ஓடுகிறதாம். புதியது நிதானமாக ஓடுமாம். பட்டறைக்கு வெளியே குப்பை அள்ளினார்கள். மத்தியானம் தமயந்தி வந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வயிற்றில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று டிசைன் விளக்குகிற மாதிரி விளக்கினாள். டிசம்பர் பதினெட்டு ஆபரேஷன்.

"அம்மாகிட்ட ரேஸ் முடிஞ்ச அன்னைக்கு நானே சொல்லீர்றனுங்க மாமா. அதுவரைக்கும் நீங்க வாயத் தொறக்கக்கூடாது."

"இப்ப எதுக்கு ரேஸு அம்முணி?"

"அதுக்கப்பறம் இருக்குதான்னு தெரியாதுங்களே."

"டாக்டரு?"

"ஓட்டலாங்களா டாக்டர்னு கேட்டனுங்க. ஸ்கூட்டின்னு நெனச்சுக்கிட்டாரு போல. தாராளமா ஓட்டும்மான்னுட்டாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டதால் கண்ணில் நீர் வந்துவிட்டது.

புது மீட்டர் உண்மையிலேயே நிதானமாகத்தான் ஓடுகிறது.

நவம்பர் 24, ஞாயிறு

தெய்வானை தினமும் தூக்குப்போசியில் அரிசிம்பருப்பு சாதம் கொடுத்தனுப்புகிறாள். கம்பெனிக்குப் போகும் வழியில் தமயந்தி அதைப் பட்டறையில் வைத்துவிட்டுப் போகிறாள். சாயங்காலம் நான் காலிப் போசியைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

"சாப்ட்டாளாண்ணா?"

"சாப்ட்டாளாவா! இன்னொரு போசி இருந்தா அதையும் தின்னுட்டு என்னையும் தின்னிருப்பா."

தங்கை முகம் மலர்ந்தது. நான் இரண்டு கிலோ கூடிவிட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

மரியதாசுடன் பேச்சுவார்த்தை மீண்டும் தொடங்கியது. அவன் மன்னிப்புக் கேட்டான். நானும் அவனை மன்னித்தேன். (தவறு என் பேரில்தான் என்று ஒரு கட்சி சொல்லலாம். அந்தக் கட்சிக்கு இந்த டைரியில் இடமில்லை.)

கடைசி அளவு வைக்க வேண்டிய நாள். மூட்டைகளைத் தூக்கி சீட்டில் வைத்தேன்.

"எத்தனை கிலோங்ணா வெக்கறீங்க?"

"அறுபத்தெட்டு."

மரியதாஸ் மூட்டைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னடா பாக்கறே? இன்னும் நாள் இருக்குது. டானிக் சாப்படறா. நாட்டுக்கோழிச் சாறு குடிக்கறா. அதுக்குள்ள ஏறிரும். ஏறுனப்பறம் வண்டி தயாரா இல்லைன்னா?"

"செரிங்ணா," என்று சொல்லி அளவுமானியை எடுத்தான். நான்கு போல்ட்டையும் நானே இறுக்கினேன். ஒரு மனிதன் எவ்வளவு இறுக்கலாமோ அதற்கு மேலும் இறுக்கினேன்.

டிசம்பர் 14, சனி

செட்டிபாளையத்தில் இன்று பயிற்சி ஓட்டம். இதை நிதானமாக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு தமயந்தி டிராக்கில் இறங்கினாள். முதல் சுற்றிலேயே அந்த இடது வளைவில் மூக்கு வெளியே ஓடியது. இரண்டாவது சுற்றிலும் ஓடியது. மூன்றாவது சுற்றில் புல்லில் இறங்கி ஏறினாள். ஜவுளிக்கடை வாரிசு உள்பக்கமாகச் சுகமாகப் போனான். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில் கிடந்தன.

"மாமா, முன்பக்கம் சொன்ன பேச்சே கேக்கலீங்க. ஸ்டீரிங் அம்மிக்கல்லாட்டம் கனக்குது."

"போன வருசத்து ஸ்டீரிங்தான் அம்முணி. அதே வண்டி. தட்டுகூட போன வருசத்த விட உசத்தி."

"இது யாருக்கு செட் பண்ணுன வண்டிங்க?"

"உனக்குத்தான். வேற யாருக்கு?"

"எனக்கில்லீங்க மாமா." அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருக்கலாம். "போன வருசத்து எனக்கு செட் பண்ணீருக்கறீங்க. நாளைக்கு ஓட்டப்போறது அவ இல்லீங்களே, நானுங்க."

எனக்கு வாய் இருக்கிறது என்பது அவிநாசி வரைக்கும் தெரியும். அந்த வாயை மூடிக்கொண்டு, அழுக்கே இல்லாத பானட்டைத் துணியால் துடைத்தேன்.

"மாத்தோணுமுங்க மாமா. இப்பவே. என்னைய நிறுத்துப் பாத்து மாத்துங்க."

மரியதாஸ் தராசைக் கொண்டுவந்து வைத்தான். அதை வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறான், கழுத்தறுப்பான். தமயந்தி ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். நான் எதிரே நின்ற டயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, நீங்கதான் பாக்கோணும். போன வருசமும் நீங்கதானுங்க பாத்தீங்க."

பார்த்தேன். என்ன எண் என்று எழுதமாட்டேன். தராசு நல்ல தராசுதான்.

அளவெடுத்து முடியும்வரை உட்கார அவளால் முடியவில்லை. டிராக் ஓரத்தில் ஷெட் நிழலில் ஒரு தார்ப்பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். நான் மூட்டையின் வாயை அவிழ்த்து மணலைத் தரையில் கொட்டினேன். நிறுத்தேன். "இன்னுங்ணா," என்றான் மரியதாஸ். கொட்டினேன். "இன்னும் கொஞ்சமுங்ணா." ஒரு சின்ன மூட்டை முழுதாகவே காலியாகி, அதற்கப்புறமும் பெரிய மூட்டையில் கை வைக்க வேண்டியிருந்தது. கையால் அள்ளி அள்ளிப் போட்டேன். என் காலடியில் ஒரு குவியல் சேர்ந்தது. அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தேன். மரியதாசும் சுற்றிக்கொண்டுதான் நடந்தான்.

பிறகு வேலை பார்த்தோம். தட்டின் போல்ட்டுகளைத் தளர்த்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவ்வளவு இறுக்கியிருந்தான் எவனோ. தூணின் தலையை உள்ளே தள்ளிச் சாய்வைக் கூட்டினோம். அப்புறம் முன்பக்கமாகவும் தள்ளினோம். அப்படிச் செய்தால் ஸ்டீரிங் இலகுவாகும், சக்தியில்லாத கைக்கும் திரும்பும்.

மூன்று மணிக்கு ஒரே ஒரு சுற்று போனாள். இடது வளைவில் வண்டி தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது. திரும்பி வந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

சாயங்காலம் யாரோ வாளி கொண்டுவந்து அந்த மணலை அள்ளப் போனார்கள். "அது கெடக்கட்டும்," என்று ஒரு சத்தம் போட்டேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

நாலாவது.

முதல் பாதியில் அவள்தான் முன்னால் போனாள். இடது வளைவில் ஒரு தடவைகூட மூக்கு வெளியே போகவில்லை. ஜவுளிக்கடை வாரிசு எல்லாச் சுற்றிலும் அதே இடத்தில் முயற்சி செய்தான், ஒரு சுற்றிலும் முடியவில்லை. வண்டி கடைசிவரை தாக்குப்பிடித்து நின்றது. அவளுடைய கைதான் நிற்கவில்லை. கடைசிச் சுற்றுகளில் நேர்பாதையில்கூட வேகத்தைக் குறைத்தாள். ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள்.

முடித்துவிட்டு வந்து, "மாமா, அந்த வளைவு பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன் என்றேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள். நான் வாசலில் நின்றுகொண்டேன். அங்கே கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்தேன். பிறகு தெய்வானை வெளியே வந்தாள்.

"அந்தச் சோத்தையெல்லாம் யாருண்ணா சாப்ட்டது?"

நான்தான் என்றேன்.

டிசம்பர் 18, புதன்

நாலைந்து மணி நேரம் ஆகும் என்றார்கள். ஒரு மணி நேரத்திலேயே வெளியே வந்துவிட்டார்கள். திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்களாம். எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது பாருங்கள் என்று போனில் கேட்ட உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னேன். நல்ல டாக்டர், கை வேகம் என்றேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

பால்காரன் தமயந்தியை விசாரித்தான். இந்த வாரப் பாலில் நுரை நன்றாக இருந்தது என்று அவனிடம் சொன்னேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

காலையில் தமயந்தி கொஞ்சம் தெளிவாக இருந்தாள். ஊசி போட வந்த நர்ஸ் புதிது. தமயந்தி என் பக்கம் கையைக் காட்டினாள்.

"சிஸ்டர், எங்க மாமாகிட்ட என்ற ரேஸ் கதையக் கேளுங்க. மாமா, சொல்லுங்க."

"நாலாவதா வந்தா சிஸ்டர்," என்றேன். "முதல் பாதில முன்னால போனா. அப்பறம் முடியல."

தமயந்தி தலையணையிலிருந்து தலையைத் திருப்பி என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, உங்களுக்கு உடம்பு செரியில்லீங்களா?"

நர்சுக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்களாட்டம் சொல்லுங்க மாமா," என்றாள்.

சரியென்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு செட்டிபாளையத்தில் கூடிய கூட்டத்தில் பொள்ளாச்சி காலியாகிவிட்டது என்றேன். பச்சைக்கொடி அசைந்ததும் இவள் வண்டி கிளம்பிய வேகத்தில் கொடி பிடித்தவர் சட்டைப் பொத்தான் நான்கும் தெறித்துவிட்டன என்றேன். நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள். தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டில் சிரிப்பு இருந்தது.

"அப்பறமுங்க?"

"அப்பறம் அந்த இடது வளைவு. ஜவுளிக்கடைக்காரன் பின்னாலயே வர்றான். வளைவு கிட்ட வந்துருச்சு. அம்முணி ஸ்டீரிங்க..."

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. தண்ணீர் குடித்துப் பார்த்தேன். அறுபது வருடமாகப் பேசுகிற வாய்.

கட்டிலின் மறுபக்கம் தெய்வானை உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதிலிருந்து என் ஒவ்வொரு பொய்யையும் நடுச்சபையில் பிடித்துக் கொடுத்தவள். அன்றைக்கு டிராக்குக்கு வராதவள். மகள் ஓட்டி ஒரு தடவைகூடப் பார்க்காதவள். மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒத்தக் கையாலதான் திருப்புனா சிஸ்டர்," என்றாள். "நான் என்ற கண்ணால பாத்தேன். அங்கதான் வேலி ஓரமா நின்னுட்டு இருந்தேன். வண்டி போன காத்துல என்ற சேலைத் தலப்பு பறந்து அந்தப் பையன் கண்ணாடி மேல போய் விழுந்துருச்சு. அவன் வண்டிய நிறுத்திட்டு அழுகறான்."

"அப்பறம்மா?" என்றாள் தமயந்தி, கண்ணைத் திறக்காமலே.

"அப்பறம் என்ன கண்ணு, நீ போயிட்டே இருந்தே," என்றாள் தெய்வானை.